தீச்சுவரும் விதிப் பட்டியலும்

பஞ்சாலைகளிலும் பெரிய கிடங்குகளிலும் ஒரு பகுதிக்கும் மறு பகுதிக்கும் இடையே கனமான சுவர் ஒன்றை எழுப்புவது கட்டடப் பொறியாளர்களின் வழக்கம். ஒரு பக்கம் தீப்பற்றினால் மறுபக்கம் பரவாமல் தடுப்பதே அச்சுவரின் வேலை. ஆங்கிலத்தில் அதற்கு ‘ஃபயர்வால்’ என்று பெயர். நாம் அதனைத் தீச்சுவர் எனலாம். கணிப்பொறிகள் கம்பியாலும் வானலையாலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ள இக்காலத்தில் அப்பெயர் வேறொரு காவலுக்கும் வழங்கி வருகிறது. வெளியே விரிந்து கிடக்கும் இணையத்துக்கும், நம் கட்டடத்துக்குள் உள்ள கணிப்பொறிகளுக்கும் நடுவே நின்று, வருவதையும் போவதையும் சோதித்து, ‘இது போகலாம், இது கூடாது’ என்று தீர்ப்புச் சொல்லும் கருவியே கணிப்பொறி உலகின் தீச்சுவர்.

செங்கற் சுவர் எல்லாவற்றையும் ஒன்றுபோல் தடுத்து நிற்கும். ஆனால் கணிப்பொறித் தீச்சுவர் சிலவற்றை விடவேண்டும், சிலவற்றைத் தடுக்கவேண்டும். எதை விடுவது, எதைத் தடுப்பது என்பதற்கு விதிகள் வேண்டும். அவ்விதிகளை எழுதி ஒரு பட்டியலாக அடுக்குபவர் மனிதரே. பட்டியல் ஒழுங்காக இருந்தால் காவல் உறுதியாக இருக்கும்; பட்டியல் குழம்பினால் விலை உயர்ந்த கருவியும் வெறும் பெட்டியாகிவிடும். ஒரு பள்ளியிலே மாணவியரின் பெயர், வீட்டு முகவரி, பெற்றோரின் தொலைபேசி எண், மதிப்பெண், புகைப்படம் ஆகியன யாவும் இன்று கணிப்பொறியிலேயே உள்ளன. அவற்றின் காவல் இப்பட்டியலை நம்பி நிற்கிறது. ஆகவே, இவ்விதிகளை ஒழுங்குபடுத்தும் முறையை நாம் அறிந்துகொள்வது நன்று.

தீச்சுவர் பிறந்த வரலாறு

இணையத்தின் தொடக்க நாட்களில் அதனைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளருமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர் போல அது இருந்தது. கதவைத் தாழிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு எழவில்லை. 1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் அந்நம்பிக்கை தகர்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பவர் எழுதி வெளிவிட்ட புரோகிராம் ஒன்று, கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்குத் தானே தாவிப் பரவியது. அன்று இணையத்தில் இருந்தவை ஏறக்குறைய 60,000 கணிப்பொறிகள் என்றும், அவற்றுள் சுமார் 6,000 பாதிக்கப்பட்டன என்றும் அக்காலத்தில் மதிப்பிட்டனர். ‘மாரிஸ் புழு’ என்று அது பெயர் பெற்றது. அதே மாதத்தில் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அவசர உதவிக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

அக்காலத்தை ஒட்டியே, வரும் செய்திகளைச் சலித்துப் பார்க்கும் கருவிகளைப் பொறியாளர்கள் உருவாக்கினர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் செஸ்விக், ஸ்டீவன் பெல்லோவின் ஆகிய இருவரும் தீச்சுவரைப் பற்றி எழுதிய நூல் 1994-இல் வெளிவந்து, இத்துறையின் பாடநூலாகவே விளங்கிற்று. அதே 1994-இல் இஸ்ரேல் நாட்டின் செக் பாயிண்ட் நிறுவனம் தன் தீச்சுவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை விதிகளைக் குறியீட்டு வரிகளாகத் தட்டச்சு செய்து வந்தவர்களுக்கு, அவற்றைத் திரையிலே அட்டவணையாகக் கண்டு, சுட்டியால் தொட்டு மாற்றும் வசதி கிடைத்தது. வேலை எளிதாயிற்று. எளிதானதன் பயனாக விதிகளும் பெருகின. விதிகள் பெருகவே, அவற்றை ஒழுங்குபடுத்தும் கலையும் தேவையாயிற்று.

ஒரு விதியில் என்ன இருக்கும்?

கணிப்பொறிகள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்தி ஒரே நீளமாகச் செல்வதில்லை. அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டுச் செல்கிறது. தபால் உறையின் மேல் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் இருப்பதுபோல, ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இரு முகவரிகள் உண்டு. இவற்றை ஐ.பி. முகவரி என்பர். இவற்றோடு ‘போர்ட்’ எனப்படும் வாயில் எண்ணும் இருக்கும். ஒரே அலுவலகக் கட்டடத்தில் பல சன்னல்கள் இருந்து, ஒன்றில் அஞ்சல் தலையும் மற்றொன்றில் மணியார்டரும் தருவதுபோல, ஒரே கணிப்பொறியில் வெவ்வேறு சேவைக்கு வெவ்வேறு வாயில் எண் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, பூட்டிய உறையில் செல்லும் இணையப் பக்கங்களுக்கு 443, மின்னஞ்சல் அனுப்புவதற்கு 25, தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பதற்கு 53, தொலைவிலிருந்தே ஒரு கணிப்பொறியின் திரையை இயக்குவதற்கு 3389, கோப்புகளைப் பகிர்வதற்கு 445 என்பன சில. இவ்வெண்கள் 65,535 வரை செல்கின்றன.

ஆகவே, தீச்சுவரின் விதி ஒன்றில் ஐந்து செய்திகள் இருக்கும்: எந்தப் பக்கமாக வருகிறது, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த வாயிலுக்கு, என்ன செய்யவேண்டும். கடைசிச் செய்திக்கு விடை பெரும்பாலும் இரண்டே: அனுமதி அல்லது தடை. உள்ளிருந்து நாம் கேட்டதற்கு வெளியிலிருந்து வரும் பதிலை இக்காலத் தீச்சுவர் தானே நினைவில் வைத்து உள்ளே விடுகிறது. எனவே பதிலுக்கென்று தனி விதி எழுத வேண்டுவதில்லை.

வரிசையே வலிமை

விதிகள் எத்தனை என்பதைக் காட்டிலும் அவை எந்த வரிசையில் உள்ளன என்பதே முதன்மையானது. ஒரு விடுதியின் வாயிற்காவலரிடம் இரு கட்டளைகள் எழுதிய சீட்டைக் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். முதற் கட்டளை, ‘காலை ஆறு மணிக்கு முன் எவரையும் உள்ளே விடாதீர்’. இரண்டாவது, ‘பால்காரரை ஐந்து மணிக்கே உள்ளே விடுக’. காவலர் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் கட்டளையின்படி நடப்பவரானால், பால்காரர் நாள்தோறும் வெளியிலேயே நிற்பார். இரண்டாம் கட்டளை சீட்டிலே இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். இரண்டையும் இடம் மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும். எழுத்து ஒன்றும் மாறவில்லை. இடம் மட்டுமே மாறிற்று.

பெரும்பாலான தீச்சுவர்களும் அக்காவலரைப் போலவே மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடுகின்றன. 2001-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் ஹார்ட்மையர் எழுதிய ‘பி.எஃப்.’ என்னும் புகழ்பெற்ற சலிப்பு முறை இதற்கு விதிவிலக்கு. அதில் கடைசியாகப் பொருந்தும் விதியே வெல்லும். ‘உடனே முடி’ என்ற குறிப்பைச் சேர்த்தால் மட்டும் அவ்விதியோடு நிற்கும். எனவே, ஒரு தீச்சுவரைக் கையாளத் தொடங்குமுன் அது எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று அறிவது முதற்கடமை.

மேல் விதியின் நிழலில் கீழ் விதி மறைந்து போவதை ‘நிழல்படிதல்’ என்பர். சிகாகோ நகரின் டீபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஹாப் அல்-ஷேர், ஹாசெம் ஹமீத் ஆகிய ஆய்வாளர்கள், விதிகளுக்கிடையே நேரும் இத்தகைய முரண்களை வகைப்படுத்திக் காட்டினர். ஒரு விதி மற்றொன்றை முற்றிலும் மறைப்பது ஒரு வகை. ஒரே வேலையை இரு விதிகள் செய்வது மற்றொரு வகை. இரு விதிகள் பாதி ஒத்தும் பாதி முரண்பட்டும் நிற்பது இன்னொரு வகை. பத்து விதிகளில் இவற்றைக் கண்ணாலேயே காணலாம். இருநூறு விதிகளில் காண்பது அரிது.

பட்டியலின் இறுதியில் என்ன நிற்கவேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை. எந்த விதியிலும் பொருந்தாத யாவும் தடுக்கப்படவேண்டும். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் 2009 செப்டம்பரில் திருத்தி வெளியிட்ட தீச்சுவர் வழிகாட்டி நூலும் இதனையே வலியுறுத்துகிறது. அனுமதித்தவை மட்டுமே உள்ளே வரலாம். மறந்துபோனவை யாவும் வெளியே நிற்கட்டும் என்பதே இதன் கருத்து.

சத்தமிடும் தவறும் சத்தமில்லாத தவறும்

இனி நாம் சொல்லப்போவதுதான் இப்பாடத்தின் உயிர்நாடி. தீச்சுவரில் இரு வகைத் தவறு நேரலாம். திறக்கவேண்டிய கதவை மூடிவிடுவது ஒன்று. மூடவேண்டிய கதவைத் திறந்துவிடுவது மற்றொன்று. முதல் தவறு நேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ‘மின்னஞ்சல் வரவில்லை’, ‘பிரிண்டர் ஓடவில்லை’ என்று முறையீடு வந்துவிடும். இரண்டாம் தவறுக்கு முறையீடே வராது. எல்லாம் நன்றாக ஓடும், எவருக்கும் குறையிராது. கதவு திறந்து கிடப்பதை முதலில் காண்பவன் கள்வனாகவே இருப்பான்.

சத்தமிடும் தவறு தானே திருந்திவிடும். சத்தமில்லாத தவறை நாமே தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். தேடுவதற்கு ஏற்றவாறு பட்டியலை அடுக்கி வைப்பதே விதிகளை ஒழுங்குபடுத்துவதன் நோக்கம்.

இத்தகைய கதவுகள் எப்படித் திறந்து போகின்றன? பெரும்பாலும் நல்ல எண்ணத்தினாலேயே. வெளியூர்ப் பழுதுநீக்குபவர் ஒருவர் தொலைவிலிருந்தே கணிப்பொறியைச் சரிசெய்ய வேண்டும் என்று கேட்க, ‘இரண்டு நாளைக்கு மட்டும்’ என்று 3389-ஆம் வாயிலை உலகம் முழுவதற்கும் திறந்து விடுகின்றனர். வேலை முடிகிறது. விதி நிற்கிறது. எழுதியவர் வேறு ஊருக்கு மாறிச் செல்கிறார். புதிதாக வந்தவர் அவ்விதியைப் பார்க்கிறார். ஏன் என்று தெரியவில்லை. ‘நீக்கினால் எது நின்றுபோகுமோ’ என்று அஞ்சி விட்டுவிடுகிறார். இவ்வாறே ஆண்டுக்கு ஆண்டு பட்டியல் நீளுகிறது.

டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் அவிஷாய் வூல் என்பவர் நிறுவனங்களில் உண்மையாகப் பயன்பட்டு வந்த 37 தீச்சுவர்ப் பட்டியல்களைத் திரட்டி ஆராய்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார். அவற்றுள் சிறியதில் 5 விதிகளே இருந்தன; பெரியதில் 2,671 விதிகள் இருந்தன. பட்டியல் எந்த அளவுக்குச் சிக்கலானதோ அந்த அளவுக்குத் தவறுகளும் மிகுந்திருந்தன என்பதே அவர் கண்ட முடிவு. சிறியதே சிறப்பு என்று அவ்வாய்வு நமக்குச் சொல்கிறது.

மருத்துவமனை வாயிலில் ஒரு பாடம்

திறந்து கிடக்கும் வாயிலால் என்ன நேரும் என்பதற்கு 2017 மே 12-ஆம் நாள் ஒரு சான்று. ‘வான்னாக்ரை’ என்னும் பெயருடைய புரோகிராம் அன்று உலகெங்கும் பரவியது. கோப்புப் பகிர்வுக்கான 445-ஆம் வாயில் வழியே கணிப்பொறிகளுள் புகுந்து, கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. அக்குறையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. பலர் அதனைப் பொருத்தவில்லை.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை மிகவும் அல்லலுற்றது. அங்குள்ள 236 மருத்துவ அமைப்புகளில் குறைந்தது 80 அமைப்புகளின் பணி பாதிக்கப்பட்டது. நோயாளிகளின் சந்திப்புகள் 6,912 நிறுத்தப்பட்டதாகக் கணக்கில் வந்தது. உண்மையில் அது 19,000-க்கும் மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டனர். ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் தொலைவிலுள்ள வேறு மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்த ஒருவர், கணிப்பொறி ஒன்றின் வாயில் திறந்திருந்ததால் வீடு திரும்பினார் என்றால், இது வெறும் யந்திரத்தின் சங்கதி அல்ல என்பது விளங்கும்.

அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2017 அக்டோபரில் தந்த அறிக்கையில் நாம் ஊன்றிப் படிக்கவேண்டிய செய்தி ஒன்று உள்ளது. திருத்தம் பொருத்தியிருந்தாலும் பொருத்தாவிட்டாலும், இணையத்தை நோக்கிய தீச்சுவர்களை ஒழுங்காக நிர்வகித்திருந்தால் அந்நிறுவனங்கள் தொற்றிலிருந்து காக்கப்பட்டிருக்கும் என்பதே அது. அங்கே சுவர் இல்லாமற் போகவில்லை. சுவரை நிர்வகிப்பதில்தான் குறை நேர்ந்தது.

திரையில் அடுக்கும் முறை

விதிகளை எவ்வாறு அடுக்குவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். 2004-இல் தொடங்கப்பட்டு உலகெங்கும் பயன்படும் ‘பி.எஃப்.சென்ஸ்’ என்னும் தீச்சுவர், மேலே கூறிய பி.எஃப். முறையின் மீது எழுப்பப்பட்டது. அதன் ஒரு பதிப்பை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் நிர்வாகத் திரையை இணைய உலாவியிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு பள்ளியில் அலுவலகம், கணிப்பொறிக் கூடம், விருந்தினருக்கான வைஃபை என மூன்று வலைகள் இருப்பதாகக் கொள்வோம்.

முதலாவது, பிரித்து வைத்தல். இத்திரையில் ஒவ்வொரு வலைக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. கூடத்திலிருந்து புறப்படும் செய்திக்கான விதி கூடத்தின் பக்கத்திலேயே எழுதப்படும். விருந்தினருக்குரியது விருந்தினர் பக்கத்தில். செய்தி எந்தப் பக்கமாகத் தீச்சுவருக்குள் நுழைகிறதோ அப்பக்கத்தின் விதிகளே அதற்குப் பொருந்தும். எல்லாப் பக்கங்களுக்கும் முன்னதாகப் பார்க்கப்படும் ‘மிதக்கும் விதிகள்’ என்ற தனிப்பக்கமும் உண்டு. மற்ற பக்கங்களைப் பார்க்கும்போது இவை கண்ணில் படுவதில்லை. ஆதலால் இங்கே எவ்வளவு குறைவாக எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது.

இரண்டாவது, பெயர் சூட்டல். அலுவலகத்தில் ஆறு கணிப்பொறிகள் இருந்தால், ஆறு எண் முகவரிகளையும் ஆறு விதிகளில் எழுதத் தேவையில்லை. அவ்வாறினையும் ஒரு தொகுதியாக்கி, ‘அலுவலகக் கணிப்பொறிகள்’ என்னும் பொருளில் ஒரு பெயர் கொடுத்துவிட்டால், ஒரே விதி போதும். நாளை ஏழாவது கணிப்பொறி வந்தால் தொகுதியில் மட்டும் சேர்த்தால் போதுமானது. இதனை ‘மாற்றுப்பெயர்’ என்பர். பட்டியலைச் சுருக்க இதனினும் சிறந்த வழி இல்லை.

மூன்றாவது, உள்வரிசை. ஒவ்வொரு பக்கத்திலும் குறுகிய விதிவிலக்குகள் மேலேயும், திட்டவட்டமான தடைகள் அடுத்தும், பொதுவான அனுமதிகள் அதற்குக் கீழேயும் நிற்கட்டும். விருந்தினர் பக்கத்தில் ‘அலுவலகத்துக்குச் செல்லத் தடை’ என்பது மேலேயும், ‘எங்கும் 443-க்குச் செல்ல அனுமதி’ என்பது கீழேயும் இருக்கவேண்டும். தலைகீழானால் விருந்தினர் அலுவலகத்தின் 443-ஆம் வாயிலையும் தட்டலாம். விருந்தினருக்கு இணையம் கிடைத்துக்கொண்டே இருக்கும். யாரும் குறை கூறார். முன்பு கூறிய சத்தமில்லாத தவறு இதுவே.

நான்காவது, தலைப்பிடல். விதிகளுக்கு நடுவே வண்ணப் பட்டை ஒன்றை இட்டு அதில் தலைப்பு எழுதும் வசதி இத்திரையில் உண்டு. ‘பிரிண்டர்’, ‘தடைகள்’, ‘பொது இணையம்’ என்று தலைப்பிட்டால், நோட்டுப் புத்தகத்தில் பாடம் பிரித்து எழுதியதுபோல் கண்ணுக்குத் தெளிவாகும். இதன் உடன்பிறப்பாக 2015-இல் நெதர்லாந்தில் தோன்றிய ‘ஓ.பி.என்.சென்ஸ்’ என்னும் தீச்சுவரில் விதிகளை வகைப்படுத்தி, வகைக்கு ஒரு நிறமும் தரலாம்.

ஐந்தாவது, காரணம் எழுதுதல். ஒவ்வொரு விதிக்கும் அருகே குறிப்பு எழுத ஓர் இடம் உண்டு. பலர் அதனை வெறுமையாக விடுகின்றனர். அல்லது ‘தேவை’ என்று ஒரே சொல்லை எழுதுகின்றனர். ஏன், யார் கேட்டது, எந்நாள், எதுவரை ஆகிய நான்கு கேள்விக்கும் விடை அங்கே இருக்கவேண்டும். பின்னர் வருபவருக்கு நாம் விட்டுச்செல்லும் கடிதம் அது. அக்கடிதம் இருந்தால் அவர் அஞ்சாமல் முடிவெடுப்பார்.

ஆறாவது, நிறுத்திப் பார்த்து நீக்குதல். ஐயமான விதியை உடனே அழிக்க வேண்டுவதில்லை. அழிக்காமலேயே செயலற்றதாக்கி வைக்கலாம். ஒரு மாதம் எவரும் முறையிடாவிட்டால் நீக்கிவிடலாம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் தேர்வுப் பதிவு போன்ற வேலைகளை இதில் மறந்துவிடக்கூடாது. ஒவ்வொரு விதியின் வழியே எவ்வளவு செய்தி சென்றது என்பதையும் திரை காட்டும். பல காலம் பூச்சியமாகவே நிற்கும் விதியை முதலில் விசாரிக்கலாம். மாற்றங்கள் செய்யும்போதெல்லாம் பழைய அமைப்பின் பிரதி ஒன்று சேமிக்கப்படுவதால், தவறினால் பழைய நிலைக்குத் திரும்பவும் இயலும்.

ஏழாவது, நாள் குறித்து மறு ஆய்வு. கடன் அட்டைகளைக் கையாளும் நிறுவனங்களுக்கான பி.சி.ஐ. தரநிலை, ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் இவ்விதிகளைப் பார்வையிட வேண்டும் என்று விதிக்கிறது. பள்ளிக்கும் அது நல்ல அளவே. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு முறை, ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு முறை என்று வைத்துக்கொண்டால் மறவாது. ஒருவர் எழுதிய விதியை மற்றொருவர் படித்துக் கேள்வி கேட்பது இன்னும் நன்று.

சுவரால் ஆகாதவை

தீச்சுவர் எல்லா நோய்க்கும் மருந்தன்று. கடவுச்சொல்லைத் தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தால் சுவர் என்ன செய்யும்? பொய்யான மின்னஞ்சலை நம்பி நாமே கதவைத் திறந்துவிட்டால் அது நாம் கேட்ட செய்தி என்றே எண்ணி உள்ளே விடும். தொற்றுப் பிடித்த பென் டிரைவ் ஒன்றைக் கையில் கொண்டுவந்து செருகினால் அது சுவரைக் கடக்கவே இல்லை. ஆகவே புதிய திருத்தங்களைப் பொருத்துவதும், முக்கியக் கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைப்பதும் என்றும் தேவையே.

தீச்சுவர் தடுத்தவற்றையும் விட்டவற்றையும் பதிவேட்டில் குறிக்கும்படி செய்யலாம். நம் நாட்டின் கணிப்பொறி அவசர உதவி நிறுவனமான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் வெளியிட்ட கட்டளையில், இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் காத்து வைக்கவேண்டும் என்று நிறுவனங்களைப் பணித்தது. பதிவேடு இருந்தால்தான் நடந்தது என்ன என்று பின்னர் அறிய முடியும்.

சிந்திக்க ஒரு பயிற்சி

மாணவியரே, கீழே உள்ளது ஒரு நூலக வலையின் விதிப் பட்டியல். மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதியோடு தீச்சுவர் நின்றுவிடும். குறைகளைக் காண்க.

1. நூலகத்திலிருந்து பெயர் கேட்கும் சேவைக்கு, 53-ஆம் வாயில்: அனுமதி.
2. நூலகத்திலிருந்து எங்கும், 443-ஆம் வாயில்: அனுமதி.
3. நூலகத்திலிருந்து அலுவலகத்துக்கு, எல்லா வாயிலும்: தடை.
4. நூலகத்திலிருந்து அலுவலகப் பிரிண்டருக்கு, 9100-ஆம் வாயில்: அனுமதி.
5. நூலகத்திலிருந்து எங்கும், எல்லா வாயிலும்: அனுமதி. குறிப்பு: ‘தற்காலிகம்’.

விடையைப் பார்க்குமுன் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் விதி மூன்றாவதற்கு மேலே இருப்பதால், அலுவலகத்தின் 443-ஆம் வாயில் நூலகத்துக்குத் திறந்துள்ளது. நான்காம் விதி மூன்றாவதன் நிழலில் மறைந்துவிட்டதால் பிரிண்டர் ஒருபோதும் அச்சிடாது. ஐந்தாம் விதி வெளியுலகுக்குச் செல்லும் எல்லா வாயிலையும் திறந்துவிட்டதோடு, யார் எழுதியது, எதுவரை என்பதற்கு விடையும் தரவில்லை. முதல், நான்கு, மூன்று, இரண்டு என்று மாற்றி அடுக்கி, ஐந்தாவதை விசாரித்து நீக்குவதே சரியான முறை.

இம்மூன்று குறைகளில் எதற்கு முறையீடு வந்திருக்கும் என்றும் எண்ணிப் பாருங்கள். ‘பிரிண்டர் ஓடவில்லை’ என்பது ஒன்று மட்டுமே. மற்ற இரண்டும் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்திருக்கும்.

நம் கடமை

இப்பாடம் பெரிய நிறுவனத்தாருக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக்கு இணையம் தரும் ரவுட்டர் பெட்டியிலும் ஒரு சிறு தீச்சுவர் உண்டு. பெற்றோரின் துணையோடு அதன் திரையைத் திறந்து, என்றோ விளையாட்டுக்காகவோ கேமராவுக்காகவோ திறந்துவிட்ட வாயில் எதுவும் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதனோடு வந்த பழைய கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளதா என்றும் பார்க்கலாம். அரைமணி நேர வேலை இது.

நாளை நம்மில் சிலர் மருத்துவமனையிலோ, வங்கியிலோ, பள்ளியிலோ இத்தகைய பட்டியலைக் காக்கும் பொறுப்பை ஏற்கலாம். அப்போது முகமறியாத பலருடைய செய்திகள் நம் காவலில் இருக்கும். திறந்து கிடக்கும் கதவைப் பற்றி அவர்கள் நம்மிடம் வந்து முறையிடப் போவதில்லை. நாமேதான் நாள் குறித்துச் சென்று, வரிசையைப் படித்து, காரணத்தைக் கேட்டு, வேண்டாததை மூடவேண்டும். எழுதும் ஒவ்வொரு விதிக்கும் அருகே அதன் காரணத்தையும் எழுதும் பழக்கத்தை இன்றே தொடங்குவோமாக.